வீடு பெரிது, குட்டி சின்னது

கேள்வி: கானாடுகாத்தானில் எங்கள் பூர்வீக வீட்டில் நானும் என் கணவரும் மட்டும் இருக்கிறோம். பிள்ளைகள் வெளியூரில். எங்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்று மகன் சென்னையிலிருந்து ஒரு லாப்ரடார் குட்டியைக் கொண்டுவந்து விட்டுப் போனான். இப்போது அதற்கு ஐந்து மாதம். பிரியமான குட்டிதான், ஆனால் அது வாய் வைக்காத பொருள் வீட்டில் இல்லை. என் மாமியார் காலத்துப் பனையோலைக் கூடைகளை, அந்தக் கொட்டான்களை, பிய்த்துப் போட்டுவிட்டது. செருப்பு, தலையணை, பிரம்பு நாற்காலியின் கால் எல்லாம் போயிற்று. அதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம். இப்போது நாங்கள் கோயிலுக்கோ காரைக்குடிக்கோ போய்த் திரும்பும்போதெல்லாம் முகப்பு வாசல் நிலையின் அடிப்பகுதியைக் கடித்து வைத்திருக்கிறது. பர்மா தேக்கு, அந்தக் காலத்துச் செதுக்கு வேலை. பேப்பரைச் சுருட்டி அடித்தோம். தப்பு செய்தது தெரிந்தாற்போல முகத்தை வைத்துக்கொள்கிறது, மறுநாள் மறுபடியும் கடிக்கிறது. மிளகாய்த்தூள் தடவு என்கிறார்கள், வேப்பெண்ணெய் தடவு என்கிறார்கள். கட்டிப்போட்டால் தெருவே கேட்கும்படி ஊளையிடுகிறது. மகனிடமே திருப்பிக் கொடுத்துவிடலாமா என்றும் யோசிக்கிறோம். என்ன செய்யலாம், டாக்டர்?

பதில்:

அன்புள்ள ஆச்சி அவர்களுக்கு, வணக்கம்.

ஒரே தொல்லையாக நீங்கள் எழுதியிருப்பது எனக்கு இரண்டு தொல்லைகளாகத் தெரிகிறது. கொட்டான், செருப்பு, தலையணை, நாற்காலிக் கால் ஆகியவற்றை நீங்கள் வீட்டில் இருக்கும்போதே, கண் அசந்த நேரத்தில் கடிக்கிறது. அது அதன் வயதுக்கும் இனத்துக்கும் உரிய பழக்கம். முகப்பு நிலையையோ நீங்கள் வெளியே போயிருக்கும்போது மட்டும் கடிக்கிறது. அதுவும் நீங்கள் எந்த வாசல் வழியாகப் போனீர்களோ அந்த வாசலைக் கடிக்கிறது. தனியே விடப்பட்டோம் என்ற பயம் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்று சந்தேகப்படுகிறேன். முதலாவதுக்குச் சொல்லும் வைத்தியம் இரண்டாவதுக்குப் போதாது என்பதால், தனித்தனியாகவே எழுதுகிறேன்.

முதலில் பல் விஷயம். நாய்க்குட்டிக்குப் பால்பற்கள் 28. வளர்ந்த நாய்க்கு 42 பற்கள். மூன்று மாதம் கடந்ததும் பால்பற்கள் விழத் தொடங்கி, ஆறு அல்லது ஏழு மாதத்துக்குள் நிலையான பற்கள் எல்லாம் முளைத்துவிடும். உங்கள் குட்டி இப்போது அதற்கு நடுவில் இருக்கிறது. முன்பற்கள் அநேகமாக மாறியிருக்கும். கோரைப்பற்களும் கடைவாய்ப் பற்களும் ஈறைக் கிழித்துக்கொண்டு வரும் காலம் இது. மென்றால் ஈறு நோவு சற்று அடங்குகிறது, அதனால் மெல்லுகிறது. பொம்மையில் ஒரு சொட்டு ரத்தமோ தரையில் ஒரு சின்னப் பல்லோ கண்டால் பயப்பட வேண்டாம். விழுந்த பல்லைக் குட்டி விழுங்கிவிட்டாலும் கெடுதல் இல்லை. ஆனால் புதிய கோரைப்பல் முளைத்த பிறகும் பழைய பால்பல் விழாமல் அதன் பக்கத்திலேயே நின்றால் மருத்துவரிடம் காட்டுங்கள்; சில சமயம் அதை எடுக்க வேண்டியிருக்கும்.

இனத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் மீனவர்களோடு வேலை செய்த நாய்களின் வழிவந்தது லாப்ரடார். சுடப்பட்ட பறவைகளை நீரிலிருந்து வாயால் தூக்கிவந்து கொடுப்பதற்கென்று 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டனில் தேர்ந்தெடுத்து வளர்க்கப்பட்ட இனம் அது. கண்ணில் பட்டதை வாயில் எடுத்துக்கொண்டு நடப்பது அதன் பரம்பரைக் குணம் என்பதால், மெல்லுவதை அடியோடு நிறுத்த யாராலும் முடியாது. எதை மெல்லலாம் என்பதை நாம் தீர்மானித்துக் கொடுக்கலாம்.

இனி வீட்டுக்கு வருகிறேன், ஏனென்றால் உங்கள் விஷயத்தில் மிக முக்கியமான காரணம் அதுதான் என்பது என் எண்ணம். முகப்பு, முற்றமுள்ள வளவு, இரண்டாங்கட்டு, அடுப்படி, பின்வாசல் என்று ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற வீடுகள் நம் செட்டிநாட்டு வீடுகள். கல்யாணத்துக்கும் முன்னோருக்கு வைக்கும் படைப்புக்கும் நூறு பேர் கூடினாலும் கொள்ளும். மற்ற நாளில் இரண்டு பேர் இருக்கிறீர்கள். நீங்கள் அடுப்படியில் இருக்கும்போது வளவின் மூலையில் குட்டி என்ன செய்கிறது என்று பார்க்க ஆளில்லை. சென்னையில் இரண்டு அறை ஃபிளாட்டில் வளரும் குட்டி செருப்பை வாயில் எடுத்த உடனே யாராவது ஒருவர் கண்ணில் பட்டுவிடும். உங்கள் வீட்டில் அரை மணி நேரம் நிம்மதியாக மென்று முடிக்கலாம். அப்படி மென்று முடித்த ஒவ்வொரு முறையும் அந்தப் பொருள் மெல்லுவதற்கு நல்லது என்று அது பாடம் படித்துக்கொள்கிறது. ஆகவே உங்களுக்கு நான் சொல்லும் முதல் மருந்து, குட்டிக்கு வீட்டைச் சுருக்குவது. இப்போது முழு வீட்டையும் அதற்குத் திறந்துவிடாதீர்கள். ஒழுங்கு படியப் படிய ஒவ்வொரு கட்டாகத் திறந்துகொள்ளலாம்.

அடுப்படிக்குப் பக்கத்தில், நீங்களும் ஐயாவும் அதிக நேரம் இருக்கிற இடத்தில், வெயில் விழாத தாழ்வாரத்து மூலை ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். இரும்புக் கம்பித் தட்டிகளை இணைத்து, குட்டி நன்றாகக் காலை நீட்டிப் படுக்கவும், எழுந்து நான்கு எட்டு நடக்கவும் போதுமான அடைப்பு ஒன்று போடச் சொல்லுங்கள். கம்பிகளுக்கு இடையில் தலை நுழையக் கூடாது. உள்ளே படுக்கை, கவிழ்க்க முடியாத கனமான தண்ணீர்ப் பாத்திரம், மெல்லுவதற்கு இரண்டு பொருள், இவ்வளவு போதும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல் பளபளப்பாக இருப்பதால் வளரும் குட்டியின் கால் வழுக்கும். லாப்ரடார் இடுப்பு மூட்டுக் கோளாறு வரக்கூடிய இனம் என்பதால், அது ஓடி விளையாடும் இடத்தில் மட்டுமாவது தடித்த ரப்பர் விரிப்புப் போடுவது நல்லது. சாப்பாட்டை எப்போதும் இந்த அடைப்புக்குள்ளேயே வையுங்கள். கோபம் வந்தபோது இழுத்துக்கொண்டு போய் உள்ளே தள்ளும் இடமாக அதை ஒருபோதும் ஆக்காதீர்கள். அப்படி ஒரு முறை செய்தாலும் அந்த இடத்தின் மேல் அதற்கு வெறுப்பு வந்துவிடும். உங்களில் ஒருவர் குட்டியையே பார்த்துக்கொண்டிருக்க முடிகிற நேரத்தில் வெளியே விடுங்கள், முடியாத நேரத்தில் உள்ளே விடுங்கள். ஐந்து மாதக் குட்டி நாளின் பெரும்பகுதியைத் தூங்கிக் கழிக்க வேண்டும். தூக்கம் போதாத குட்டி கண்டதையெல்லாம் கடிக்கும்; மாலையில் வெறி பிடித்தாற்போல ஓடிக் கடிக்கும் குட்டிகள் பல, அமைதியான மூலையில் விட்டால் சற்று நேரத்தில் தூங்கிவிடுகின்றன.

கொட்டான்களையும் செருப்புகளையும் உயரே எடுத்து வைத்துவிடுங்கள். பழைய செருப்புத்தானே என்று ஒன்றை அதற்கே கொடுத்துவிடும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. நாய்க்குப் பழைய செருப்பு, புதிய செருப்பு என்ற பேதம் தெரியாது. கிழிந்த கொட்டானைக் கொடுத்தால் எல்லாக் கொட்டானும் தனக்குத்தான் என்று எடுத்துக்கொள்ளும். பிய்த்த பனையோலைத் துண்டின் ஓரம் கூர்மையானது என்பதும், அதை விழுங்கினால் தொண்டையைக் கீறும் என்பதும் இன்னொரு காரணம்.

மெல்லுவதற்கு என்ன கொடுக்கலாம் என்றால், உள்ளே குழிவான கெட்டி ரப்பர் பொம்மைகள் நல்லவை. அந்தக் குழிக்குள் உப்புப் போடாத தயிர்சாதத்தையோ, வேகவைத்த பரங்கிக்காயையோ, மசாலா இல்லாமல் அவித்த கோழிக்கறியையோ அடைத்து, ஃபிரீசரில் உறைய வைத்துக் கொடுத்தால், நக்கியும் கடித்தும் வெகுநேரம் அதிலேயே ஈடுபட்டிருக்கும். குளிர்ச்சி ஈறுக்கும் இதம். பழைய பருத்தித் துண்டை நனைத்து முறுக்கி முடிச்சுப் போட்டு உறைய வைத்தும் தரலாம், ஆனால் நூல் பிரியத் தொடங்கியதும் வாங்கிவிட வேண்டும். பெரிய முழுக் கேரட்டையும் உங்கள் கண் முன்னால் கொடுக்கலாம். வேகவைத்த எலும்பு எதுவும் வேண்டாம்; அது சில்லுச் சில்லாக உடைந்து குடலைக் குத்தும். கடைகளில் விற்கும் மாட்டுக் குளம்பும் வேண்டாம், அதைக் கடித்துக் கடைவாய்ப் பல் பிளந்த நாய்களுக்கு வைத்தியம் பார்க்க நேர்கிறது. ஒரு பொருளை வாங்கும்போது கட்டைவிரல் நகத்தால் அழுத்திப் பாருங்கள். சற்றும் பதியாத பொருள் பல்லுக்கு ஆகாது. முழுதாக வாய்க்குள் போய்விடும் அளவுள்ள பொருளும் ஆகாது. வாங்கிய எல்லாவற்றையும் ஒரே நாளில் கொட்டிவிடாமல், இரண்டு மூன்றை மட்டும் கொடுத்து, மற்றவற்றை எடுத்து வைத்து மாற்றி மாற்றிக் கொடுத்தால் ஒவ்வொன்றும் புதிதாகத் தெரியும்.

வாயில் இருக்கக் கூடாத ஒன்றை எடுத்துவிட்டால் துரத்தாதீர்கள். ஐந்து மாதக் குட்டிக்குத் துரத்திப் பிடிக்கும் விளையாட்டைவிடப் பெரிய பரிசு கிடையாது. செருப்பைத் தூக்கினால் வீடே நம் பின்னால் ஓடிவரும் என்று தெரிந்துகொண்டால் அதற்காகவே தூக்கும். வாயைப் பிளந்து பிடுங்குவதும் கூடாது. நாளடைவில் பொருளை இறுகப் பற்றிக்கொண்டு உறுமும் பழக்கம் அதிலிருந்துதான் தொடங்குகிறது. கோழிக்கறித் துண்டு ஒன்றை மூக்கருகே கொண்டுபோங்கள். அது வாயைத் திறந்து பொருளைப் போடும் அந்த நொடியில் ‘விடு’ என்று சொல்லிக் கறியைக் கொடுங்கள். கையோடு அதற்குரிய பொம்மையையும் கொடுத்துவிடுங்கள். வீட்டில் எல்லோரும் அந்த ஒரே சொல்லைத்தான் சொல்ல வேண்டும். நீங்கள் ‘விடு’ என்றும், ஐயா ‘கீழே போடு’ என்றும், விடுமுறைக்கு வரும் பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் வேறொன்றும் சொன்னால் குட்டி எதையும் கற்றுக்கொள்ளாது. விலையில்லாத பொருள்களை வைத்து விளையாட்டாகத் தினமும் சில தடவை பழக்கினால், அவசரத்தில் அந்தச் சொல் பலிக்கும். இன்னொன்றையும் மறக்காதீர்கள்: தன் பொம்மையைத் தானே எடுத்து அமைதியாக மென்றுகொண்டிருக்கும்போது அருகில் போய் ஒரு நல்ல வார்த்தை சொல்லித் தடவிக் கொடுங்கள். ஒழுங்காக இருக்கும் நேரத்தில் நாம் அதைக் கவனிப்பதே இல்லை; செருப்பைக் கடித்தால்தான் எழுந்து வருகிறோம்.

பேப்பரைச் சுருட்டி அடிப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள், ஆச்சி. நீங்கள் காரைக்குடியிலிருந்து திரும்பி வந்து அடிக்கிற அடிக்கும், எப்போதோ அது கடித்த நிலைக்கும் உள்ள தொடர்பு அதற்குத் தெரியவே தெரியாது. பின் ஏன் தப்பு செய்தாற்போல முகத்தை வைத்துக்கொள்கிறது என்று கேட்பீர்கள். அமெரிக்க ஆய்வாளர் அலெக்சாண்ட்ரா ஹொரோவிட்ஸ் 2009ல் வெளியிட்ட ஆய்வில் இதைத்தான் சோதித்தார். தின்னக் கூடாது என்று சொல்லிவைத்த தீனியை நாய் தின்றதா இல்லையா என்பதற்கும் அந்த முகத்துக்கும் சம்பந்தம் இருக்கவில்லை. உரிமையாளர் அதட்டியபோதுதான் அந்த முகம் வந்தது; ஒரு தவறும் செய்யாத நாயும் அதட்டினால் அப்படியே தலையைத் தாழ்த்தியது. காதை மடக்கிக் கண்ணை விலக்கிக்கொள்வது, உங்கள் முகத்தில் உள்ள கோபத்தைப் பார்த்து அது அஞ்சுவதன் அடையாளம். உங்கள் குட்டி ஏற்கெனவே தனிமைக்குப் பயந்துதான் நிலையைக் கடிக்கிறது என்ற என் சந்தேகம் சரியாக இருந்தால், நீங்கள் திரும்பி வரும் நேரமும் அடிவிழும் நேரமாகி, போவதற்கும் பயம், வருவதற்கும் பயம் என்று ஆகிவிடும். கடிப்பது கூடுமே தவிரக் குறையாது.

மிளகாய்த்தூள் வேண்டாம். அது குட்டியின் கண்ணிலும் மூக்கிலும் பட்டு எரியும்; பிறகு அதே வாயால் உங்கள் கையை நக்கும்போது உங்களுக்கும் எரியும். வேப்பெண்ணெயையும் நான் பரிந்துரைப்பதில்லை. நிலையில் தடவியதை நக்கி உள்ளே விழுங்கினால் வாந்தியும், அளவு கூடினால் அதைவிடக் கடுமையான உபாதையும் வரலாம். நாய்களுக்கென்றே விற்கும் கசப்பு ஸ்பிரே உண்டு. சில குட்டிகளுக்குப் பலிக்கும், பயத்தில் கடிக்கும் குட்டி அதைப் பொருட்படுத்தாது. நிலையைக் காப்பாற்ற ஆசாரியைக் கூப்பிட்டு, முட்டி உயரத்துக்கு மெல்லிய அலுமினியத் தகட்டையோ கனமான பிளாஸ்டிக் தகட்டையோ, மரத்தில் ஆணி அடிக்காமல் கட்டித் தற்காலிகமாக மறைத்துவிடுவதே நல்லது. செதுக்கு வேலையைச் சீர்செய்வதைக் குட்டிக்கு ஒரு வயது ஆகும் வரை தள்ளிப் போடுங்கள்.

நடையையும் விளையாட்டையும் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. காலையில் வெயில் ஏறுவதற்கு முன்பும், பொழுது சாய்ந்த பிறகும் நடத்திக்கொண்டு போங்கள். புறங்கையைத் தெருவில் வைத்துப் பார்த்துச் சுட்டால் குட்டியின் பாதமும் சுடும். சித்திரை, வைகாசியில் மாலை ஆறு மணிக்கும் நம் தார்ச்சாலை ஆறியிருக்காது. வேகமாக நெடுந்தூரம் இழுத்துக்கொண்டு ஓடுவது வளரும் எலும்புக்கு நல்லதல்ல. வழியெல்லாம் நின்று நின்று மோப்பம் பிடிக்க விடுங்கள்; அது குட்டிக்கு ஓட்டத்துக்கு ஈடான களைப்பைத் தரும். மழை நாளில் வளவுத் தூண்களின் பின்னால் தீனியைச் சிறிது சிறிதாக ஒளித்து வைத்துத் தேட விடலாம். அந்த விஷயத்தில் உங்கள் வீட்டுக்கு நிகராக எந்த ஃபிளாட்டையும் சொல்ல முடியாது.

இனி முகப்பு நிலைக்கு வருவோம். நான் ஊகித்தது சரிதானா என்று உறுதி செய்துகொள்ள, அடுத்த முறை வெளியே போகும்போது பழைய கைப்பேசி ஒன்றில் வீடியோவை ஓட விட்டு, முகப்பு தெரியும்படி உயரத்தில் வைத்துவிட்டுப் போங்கள். நீங்கள் போன சில நிமிடங்களிலேயே குட்டி அங்குமிங்கும் அலைந்து, ஊளையிட்டு, எச்சில் வடித்து, நேராக அந்த வாசலுக்குப் போய்ப் பிறாண்டிக் கடித்தால் அது பயம். பாதி நேரம் தூங்கி, எழுந்து, சோம்பல் முறித்து, சாவகாசமாக நிலையருகே போய்ப் படுத்து மென்றால் அது வெறும் பொழுதுபோக்கு. அதற்கு மேலே சொன்ன அடைப்பும் பொம்மையும் போதும். நிலையில் உள்ள தடத்தையும் குனிந்து பாருங்கள். பல் பதிந்த குழிகளோடு, நகத்தால் மேலிருந்து கீழாக இழுத்த நீளக் கீறல்களும் இருந்தால், வெளியே வரத் துடித்திருக்கிறது என்று பொருள். கட்டிப்போட்டால் ஊளையிடுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பதும் என்னை அந்தப் பக்கமே இழுக்கிறது.

பயம்தான் என்று தெரிந்தால், தனியாக இருப்பதை அதற்குத் துளித் துளியாகப் பழக்க வேண்டும். நீங்கள் புறப்படப் போகிறீர்கள் என்பது குட்டிக்கு எதனால் தெரிகிறது என்று பாருங்கள்: சாவிக்கொத்தின் சத்தம், புடவை மாற்றுவது, கூடையை எடுப்பது, செருப்பை மாட்டுவது. இவற்றை நாளில் பல தடவை, எங்கும் போகாமலே செய்யுங்கள். சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குப் போய் வேலையைப் பாருங்கள். செருப்பை மாட்டிக்கொண்டு உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டுக் குட்டி எழுந்து வருவதை நிறுத்திய பிறகு, கதவைத் திறந்து வெளியே போய் உடனே உள்ளே வாருங்கள். பிறகு திண்ணையில் பத்து எண்ணும் வரை நின்று வாருங்கள், பிறகு தெருமுனை வரை போய் வாருங்கள். குட்டி அழத் தொடங்குவதற்கு முன்னால் திரும்பிவிடுவதே இந்தப் பயிற்சியின் உயிர். அழுதுவிட்டால், நேரத்தைக் கூட்டியது அவசரம் என்று அறிந்து, முந்திய அளவுக்கே போய்விடுங்கள். புறப்படும்போது உறைய வைத்த பொம்மையைக் கொடுத்துவிட்டு, பிரியாவிடை எதுவும் இல்லாமல் அமைதியாகப் போங்கள். திரும்பியதும் அது துள்ளி அடங்கும் வரை பொறுத்திருந்து, பிறகு தடவிக் கொடுங்கள். முதல் சில நிமிடங்களைப் பயமின்றிக் கடக்கக் கற்றுக்கொண்ட குட்டிக்கு அதன் பிறகு நேரம் கூடுவது எளிதாக இருக்கும்.

இந்தப் பயிற்சி நடக்கும் வாரங்களில் அதை மணிக்கணக்கில் தனியே விட்டுவிட்டுப் போகாதீர்கள் என்பது கடினமான நிபந்தனைதான், ஆனால் இதை நான் தளர்த்த முடியாது. ஒரு நாள் முழுக்கப் பயந்து கத்தினால் ஒரு வாரப் பழக்கம் வீணாகும். ஒருவர் கோயிலுக்குப் போனால் மற்றவர் வீட்டில் இருங்கள். இருவரும் போக வேண்டிய கல்யாணம், காரியம் என்றால் வீட்டு வேலைக்கு வருபவரை அந்த நேரத்துக்கு இருக்கச் சொல்லுங்கள். பயத்தில் இருக்கும் குட்டியை அடைப்புக்குள் போட்டுவிட்டுப் போனாலும் ஆபத்து. கம்பியைக் கடித்துப் பல்லையும் நகத்தையும் உடைத்துக்கொள்ளும். பயிற்சியாலும் தணியாத பயத்துக்கு மருந்து உண்டு. அதை மருத்துவரின் மேற்பார்வையில் சில மாதம் கொடுப்பதில் தயங்க ஒன்றுமில்லை. மனிதருக்குத் தரும் தூக்க மாத்திரையை மட்டும் நீங்களாகப் பாதி உடைத்துக் கொடுத்துவிட வேண்டாம். துணைக்கு இன்னொரு குட்டி வாங்கினால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள். அது தேடுவது உங்களை.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, தேக்கு நிலையைவிட விலை மதிப்பற்ற அந்தக் குட்டி எதையாவது விழுங்கிவிடுவதுதான். பழைய வீடுகளில் அதற்கான வாய்ப்பு அதிகம். பெட்டகத்திலும் பட்டுப்புடவை அடுக்கிலும் போடும் அந்துருண்டை நாய்க்கு நஞ்சு; ஒரே உருண்டைகூட ஆபத்தாகலாம். வெற்றிலைப் பெட்டியைக் கீழே வைக்காதீர்கள்: பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் பொருள் நாயின் நரம்புகளைத் தாக்கி எச்சிலும் கழிச்சலும் நடுக்கமும் உண்டாக்கும், சுண்ணாம்பு வாயையும் உணவுக்குழாயையும் வெந்துபோகச் செய்யும், புகையிலை இன்னும் மோசம். கரையான் மருந்து அடித்த மரத்தைக் கடிக்க விடக் கூடாது. அந்த நிலைக்கு அண்மையில் மருந்து அடித்திருந்தால் அதன் பெயரைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். முன்காலத்துப் பெயின்டில் ஈயம் கலந்திருக்கும். உரிந்து விழும் பழைய பெயின்டைத் தின்னும் குட்டிக்கு ஈய நஞ்சு ஏறும். எலி மருந்தும், தோட்டத்து அரளியும், ஊமத்தையும் உயிரையே எடுக்கும். சமையலறையில் வெங்காயம், பூண்டு, உலர்திராட்சை, சாக்லேட் ஆகியவை ஆகாது. சின்ன வெங்காயம் அள்ளிப் போட்ட நம் குழம்பில் பிசைந்த சோற்றை மிச்சம் என்று வைத்துவிடாதீர்கள். மாம்பழக் காலத்தில் கொட்டையை முழுசாக விழுங்கிக் குடல் அடைத்துக்கொள்ளும் நாய்கள் வருஷந்தோறும் வருகின்றன. மின்வயர்களைச் சுவரோரமாக உயர்த்திக் கட்டுங்கள். பூக்கட்டும் நாரையும் ஊசி நூலையும் தரையில் விடாதீர்கள்; நூல் ஒரு முனையில் சிக்கிக்கொண்டால் குடல் அதன் மேல் சுருங்கிச் சுருங்கி அறுபடும்.

குட்டி திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, உணவைத் தொடாமல் படுத்தாலோ, மலம் கழிக்க முக்கினாலோ, வயிற்றைத் தொட்டால் வலித்து ஒதுங்கினாலோ நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்க வேண்டாம். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். உப்புத் தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள், உப்பே நஞ்சாகிவிடும். விழுங்கிய பொருளின் மிச்சத்தையோ டப்பாவையோ எடுத்துக்கொண்டு காரைக்குடியில் உள்ள கால்நடை மருத்துவரிடம் உடனே போங்கள். அறுவைச் சிகிச்சை தேவைப்பட்டால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு அனுப்புவார்கள். மண்ணையும் சுவர்ச் சுண்ணாம்பையும் விடாமல் நக்கித் தின்கிற குட்டியாக இருந்தால், குடற்புழுவும் ரத்தசோகையும் உண்டா என்று சோதிக்க வேண்டும். ஆறு மாதம் ஆகும் வரை மாதம் ஒரு தடவை புழு மருந்து கொடுங்கள். வெறிநோய்த் தடுப்பூசியை மூன்று மாதத்தில் போட்டிருக்க வேண்டும். போடவில்லையென்றால் இந்த வாரமே போட்டுவிடுங்கள். விளையாட்டில் பல் பட்டுத் தோல் கிழிந்தாலும் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் நீரில் கழுவிவிட்டு உங்கள் மருத்துவரைப் பாருங்கள்.

திருப்பிக் கொடுத்துவிடலாமா என்ற கேள்விக்கு என் பதில், கடிக்கிறது என்பதற்காக வேண்டாம். பல் முளைத்து முடிந்ததும் பாதி குறையும். எட்டு ஒன்பது மாதத்தில் இளமைத் துடிப்பில் மறுபடி சற்றுத் தலைதூக்கும், ஒன்றரை வயதுக்கு மேல் பெரும்பாலும் அடங்கிவிடும். ஆனால் இன்னொரு கேள்வியை நீங்கள் இருவரும் மகனோடு உட்கார்ந்து பேச வேண்டும். ஒரு வயதில் இந்தக் குட்டி முப்பது கிலோ வரை இருக்கும். தினமும் இரண்டு வேளை அதைக் கயிற்றில் பிடித்து நடத்தும் பலம் உங்களுக்கும் ஐயாவுக்கும் இருக்கிறதா, இல்லையென்றால் அதற்கு ஒரு பையனை ஏற்பாடு செய்து மாதச் சம்பளம் கொடுக்கும் பொறுப்பை மகன் ஏற்பாரா என்று கேளுங்கள். ஏற்பார் என்றால் குட்டி உங்களிடமே வளரட்டும். உங்கள் கடிதத்தின் ஒவ்வொரு வரியிலும் அதன் மேல் உங்களுக்கு உள்ள பிரியம் தெரிகிறது. முடியாது என்றால், ஒரு வயது ஆகும் வரை காத்திருக்காமல், நடத்தி விளையாட ஆள் இருக்கும் வீடாகப் பார்த்து இப்போதே கொடுப்பது அதற்கும் நல்லது.

இந்த வாரம் அடைப்பையும் தகட்டையும் போட்டு, வீடியோவையும் எடுத்துவிடுங்கள். அந்த வீடியோவோடு குட்டியை அருகிலுள்ள கால்நடை மருத்துவரிடம் ஒரு முறை காட்டுங்கள். பல்லையும் எடையையும் பார்ப்பதோடு, முகப்பில் நடப்பது பயமா பொழுதுபோக்கா என்பதையும் அவர் அங்கேயே சொல்லிவிடுவார்.